ஆஸ்திரேலியா கண்டம், கிரீன்லாந்து தீவு: கோடு எங்கே விழுகிறது?

தீவு என்றால் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அதற்குச் சில பக்கம் தள்ளி ஏழு கண்டங்களின் பட்டியல் வரும். அதில் ஆஸ்திரேலியா இருக்கும். அதைச் சுற்றியும் கடல்தான். அண்டார்டிகாவும் அப்படித்தான். கவனித்துப் படிக்கிற பிள்ளை இந்த இடத்தில் நிச்சயம் கேட்கும்: அப்படியானால் ஆஸ்திரேலியா ஏன் தீவு இல்லை? “அது ரொம்பப் பெரிசு, அதனால் கண்டம்” என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதியைத் தெரிந்துகொள்ள, தரை எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதாது. அடியில் இருப்பது என்ன கல், எத்தனை கிலோமீட்டர் தடிமன், எவ்வளவு வயது என்று பார்க்க வேண்டும்.

முதலில் “நாற்புறமும் நீர்” என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். அதைக் கறாராகப் பிடித்தால் உலகத்தில் கண்டம் என்று ஒன்றுமே மிஞ்சாது. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா மூன்றும் தரைவழியாக ஒட்டியவை. மூன்றையும் சேர்த்தால் சுமார் 8.5 கோடி சதுர கிலோமீட்டர். அந்த மொத்த நிலத்தைச் சுற்றியும் கடல்தான். இரண்டு அமெரிக்காக்களும் பனாமாவில் ஒட்டியிருக்கின்றன. அவற்றைச் சுற்றியும் கடல்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஆப்பிரிக்கா தீவாகிவிடவில்லை. 1914இல் பனாமா கால்வாய் திறந்ததும் தென் அமெரிக்கா தீவாகவில்லை. மனிதர் வெட்டிய வாய்க்காலை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆக, நீர் சூழ்ந்திருப்பது தீவுக்குத் தேவையான தகுதி. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கண்டத்தையும் தீவையும் பிரிக்க முடியாது.

அளவு எவ்வளவு தூரம் உதவும்?

உலகின் மிகச் சிறிய கண்டம் ஆஸ்திரேலியா. மிகப் பெரிய தீவு கிரீன்லாந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும் என்று நினைப்போம். ஆனால் பல சுவர் வரைபடங்கள் குழப்பத்தைக் கூட்டிவிடுகின்றன. 1569இல் மெர்கேட்டர் கொண்டுவந்த வரைபட முறை மாலுமிகள் திசை பிடிப்பதற்கு அருமையானது. ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க அது நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. உருண்டையான பூகோளத்தில் பார்த்தால்தான் சரியான அளவு புரியும்.

ஆஸ்திரேலியப் பெருநிலம் சுமார் 76 லட்சம் சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம். மூன்றரை மடங்கு வித்தியாசம். கிரீன்லாந்துக்கு அடுத்த பெரிய தீவான நியூ கினி 8 லட்சத்தைக்கூட எட்டாது. அதற்கடுத்து போர்னியோ, பிறகு மடகாஸ்கர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 22 லட்சத்துக்கும் 76 லட்சத்துக்கும் நடுவில் கடல் சூழ்ந்த நிலம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த இடைவெளி நம் வேலையைச் சுலபமாக்கிவிட்டது. எங்கே கோடு போட்டாலும் ஆஸ்திரேலியா மேலே, கிரீன்லாந்து கீழே. நடுவில் 40 லட்சம் சதுர கிலோமீட்டரில் ஒரு நிலம் இருந்திருந்தால் புவியியலாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். “ஏன் 10 லட்சத்தில் கோடு போடக்கூடாது? கிரீன்லாந்தும் கண்டமாகிவிடுமே” என்று ஒருவர் கேட்டால், அளவை மட்டும் வைத்து அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. எல்லை இத்தனை லட்சம் சதுர கிலோமீட்டர் என்று இயற்கை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

கல்லைப் பார்ப்போம்

பூமியின் மேலோட்டில் இரண்டு ரகம் உண்டு. கண்டங்களுக்கு அடியில் இருப்பது ஒன்று, ஆழ்கடலுக்கு அடியில் இருப்பது இன்னொன்று. இரண்டும் அடிப்படையிலேயே வேறு.

கண்ட மேலோடு பெரும்பாலும் கிரானைட் வகையைச் சேர்ந்த பாறைகளால் ஆனது. தடிமன் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர். திபெத்துக்கு அடியில் 70 கிலோமீட்டர்வரை போகிறது. கடலடி மேலோடு பசால்ட் என்ற கறுத்த எரிமலைப் பாறை. தடிமன் 7 கிலோமீட்டர் அளவுதான். கிரானைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.7 கிராம், பசால்ட்டுக்கு சுமார் 3. இரண்டுக்கும் அடியில் உள்ள கவசப் பாறைக்கு 3.3. வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் பூமியின் முகத்தையே தீர்மானிப்பது இந்தச் சின்ன வித்தியாசம்தான். கவசம் திரவம் இல்லை, திடமான பாறைதான். ஆனாலும் நீண்ட காலப்போக்கில் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். அதனால் மேலோடு அதன்மேல் மிதக்கிறது என்றே சொல்லலாம். தண்ணீரில் தடித்த மரக்கட்டையையும் மெல்லிய பலகையையும் போட்டால், தடித்த கட்டை மேலேயும் அதிகம் துருத்திக்கொண்டு நிற்கும், கீழேயும் அதிகம் அமிழ்ந்திருக்கும். கண்டங்கள் நிற்பதும் அப்படித்தான். இமயமலை உயரமாக இருப்பதற்கு, அதன் அடியில் மேலோடு அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருப்பதும் ஒரு காரணம்.

கடல் நீரை முழுவதுமாக இறைத்துவிட்டுப் பார்த்தால் பூமியில் இரண்டு தளங்கள் தெரியும். ஒன்று, நிலத்தின் தளம்: சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 800 மீட்டர் சொச்சம். இன்னொன்று, கடலடித் தளம்: சராசரி ஆழம் 3,700 மீட்டர் அளவு. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கும் பரப்பு ஒப்பிட்டால் குறைவு, பெரும்பாலும் சரிவுகள்தான். நீர் இல்லாவிட்டாலும் கண்டம் கண்டமாகவே நிற்கும் என்பதுதான் இதன் பொருள். கடல் வந்து கண்டத்தை உண்டாக்கவில்லை. பள்ளமான இடத்தில் நீர் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

வயதிலும் பெரிய வித்தியாசம். கடலடி மேலோடு நடுக்கடல் முகடுகளில் புதிதாகப் பிறந்து, விலகி நகர்ந்து, கடைசியில் ஆழ்கடல் அகழிகளில் மறுபடி கவசத்துக்குள் புதைந்துவிடுகிறது. அதனால் இன்றைய கடலடியில் ஏறக்குறைய எல்லாமே 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. கண்ட மேலோடு எடை குறைந்தது என்பதால் அவ்வளவு சுலபமாகப் புதையாது. கனடாவின் வடமேற்கில் அகாஸ்டா என்ற இடத்தில் 400 கோடி ஆண்டு வயதுள்ள பாறை இன்னும் தரைமேல் கிடக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் குன்றுகளில் கிடைத்த சிர்க்கான் என்ற கனிமத் துகள்களில் சில 440 கோடி ஆண்டுப் பழமையானவை. பூமிக்கே வயது சுமார் 454 கோடி ஆண்டுகள்தான். ஆஸ்திரேலியாவைக் கண்டம் என்று சொல்வதற்கு அதன் 76 லட்சம் சதுர கிலோமீட்டரைவிட இந்தக் கிழட்டுக் கல் எனக்குப் பெரிய சாட்சியாகப் படுகிறது.

இதோடு ஹவாயை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹவாய் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவில் இருக்கும் மௌனா கியா மலை கடல்மட்டத்துக்கு மேல் 4,207 மீட்டர். கடலடியிலிருந்து அளந்தால் 9,000 மீட்டரைத் தாண்டும். அத்தனையும் எரிமலைக் குழம்பு உறைந்து உறைந்து குவிந்தது. ஆனால் அந்தத் தீவுக்கு வயது 10 லட்சம் ஆண்டுகூட இல்லை. அடியில் கண்ட மேலோடும் இல்லை. ஐஸ்லாந்தும் அட்லாண்டிக் நடுக்கடல் முகடு தண்ணீருக்கு மேல் தலைகாட்டிய இடம்தான். அங்கே மிகப் பழைய பாறைக்கே 2 கோடி ஆண்டு ஆகவில்லை. அதன் தெற்குக் கரைக்கு அப்பால் 1963 நவம்பரில் மீனவர்களின் கண்ணெதிரே கடலிலிருந்து புகை எழும்பி, சுர்ட்சி என்ற புதுத் தீவே முளைத்தது. 1967வரை வளர்ந்தது. அதற்குப் பிறகு அலை அரித்து அரித்து இன்று பாதியாகக் குறைந்துவிட்டது. லட்சத்தீவும் மாலத்தீவும் மூழ்கிப்போன பழைய எரிமலைத் தொடரின் மேல் பவளம் கட்டிய தீவுகள்.

இப்படிப் பிறக்கிற, தேய்கிற, மூழ்கிப்போகிற தீவுகள்தான் உண்மையான கடல் தீவுகள். இவற்றுக்கும் கண்டத்துக்கும் நடுவே குழப்பம் வரவே வராது. குழப்பமெல்லாம் அடுத்த ரகத்தில்தான்.

கரை ஓரம் கண்டத்தின் ஓரம் இல்லை

கண்டம் கடற்கரையோடு முடிவதில்லை. கரைக்கு அப்பாலும் ஆழம் குறைந்த கடலுக்கு அடியில் நீண்டு போகிறது. அதைக் கண்டத்திட்டு என்கிறோம். பொதுவாக 200 மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும். அதைத் தாண்டியதும் நிலம் சரிந்து ஆழ்கடலுக்குள் இறங்கும். கண்டத்தின் உண்மையான ஓரம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. பள்ளி வரைபடங்களில் கடல் முழுவதையும் ஒரே நீலமாக அடித்துவிடுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆழத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வரைபடம் ஒன்றை வகுப்பறையில் மாட்டினாலே இந்தப் பாடத்தில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, ஏராளமான நீர் பனிக்கட்டியாக நிலத்தில் உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது கண்டத்திட்டுகளில் பெரும்பகுதி காய்ந்த நிலம். இலங்கை இந்தியாவோடு தரையாக ஒட்டியிருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது 30 கிலோமீட்டர் அளவு மிக ஆழமற்ற கடல்தான். பிரிட்டனிலிருந்து இன்றைய ஹாலந்துக்கும் டென்மார்க்குக்கும் நடந்தே போயிருக்கலாம். 1931இல் வட கடலில் இழுவலை போட்ட ஒரு படகு கடலடியிலிருந்து ஒரு கரிமண் கட்டியை வாரிக்கொண்டு வந்தது. உள்ளே மான்கொம்பில் செதுக்கிய ஈட்டிமுனை இருந்தது. வேட்டையாடி வாழ்ந்த மனிதர்களின் நிலம் அது. டாக்கர்லாந்து என்று இன்று அதற்குப் பெயர்.

இந்தியா–இலங்கை, ஐரோப்பா–பிரிட்டன், ஆஸ்திரேலியா–நியூ கினி எல்லாமே ஒரே கதை. நியூ கினியை ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிக்கும் டோரஸ் நீரிணை பெரும்பாலும் 15 மீட்டர் ஆழத்துக்குள்தான். அதில் கடல் புகுந்து ஏறக்குறைய 8,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் புவியியல் கணக்கில் நியூ கினியும் டாஸ்மேனியாவும் ஆஸ்திரேலியக் கண்டத்தின் பாகங்கள். கடல்மட்டம் உயர்ந்ததால் தண்ணீர் சூழ்ந்த பாகங்கள்.

மிருகங்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். 1856இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் பாலித் தீவிலிருந்து பக்கத்து லொம்போக் தீவுக்குப் போனார். தூரம் 40 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆனால் பாலியில் ஆசியப் பறவைகள். லொம்போக்கில் ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூ கிளிகள். பாலியில் புலிகூட இருந்தது. லொம்போக்கில் கிடையாது. நடுவில் இருக்கும் நீரிணை 250 மீட்டருக்கு மேல் ஆழமானது. பனியுகத்தில் 120 மீட்டர் நீர் இறங்கியபோதும் அது வற்றவில்லை. ஆகவே ஆசியக் கண்டத்திட்டின் விலங்குகள் பாலியோடு நின்றுவிட்டன. டோரஸ் நீரிணை அகலமானது, ஆனால் ஆழமில்லை. நியூ கினிக் காட்டில் மரம் ஏறும் கங்காரு இன்றும் வாழ்கிறது. நீரின் அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம்.

இப்போது கிரீன்லாந்துக்குத் திரும்புவோம். கிரீன்லாந்தின் கல் முழுக்க முழுக்கக் கண்ட ரகம். அங்கே இசுவா என்ற இடத்தில் 370 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறைகள் இருக்கின்றன. கல்லை மட்டும் பார்த்தால் அது ஆஸ்திரேலியாவுக்குச் சமமான தகுதி. ஆனால் கிரீன்லாந்து தனித்து நிற்கவில்லை. வட அமெரிக்காவைச் சுமந்து நகரும் அதே பாறைத் தகட்டின்மேல்தான், அதாவது வட அமெரிக்கப் புவித்தட்டின்மேல்தான் இருக்கிறது. கனடாவின் எல்ஸ்மியர் தீவிலிருந்து அதைப் பிரிக்கும் நேர்ஸ் நீரிணை குறுகலான இடத்தில் 30 கிலோமீட்டருக்கும் குறைவு. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிரிந்து போகத்தான் தொடங்கியது. லாப்ரடார் கடலின் அடியில் புது மேலோடு பிறந்து, கிரீன்லாந்தைக் கனடாவிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வேலை பாதியில் நின்றுபோனது. தொடர்ந்திருந்தால் இன்று அதன் தகுதி பற்றி வேறு மாதிரி விவாதம் நடந்திருக்கும்.

ஆக, கண்டம் என்று சொல்ல மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். கண்டக் கல்லா? சுற்றிலும் உள்ள கண்டங்களிலிருந்து ஆழ்கடலால் தெளிவாகப் பிரிந்திருக்கிறதா? போதுமான அளவு பெரியதா? ஆஸ்திரேலியா மூன்றுக்கும் “ஆம்” என்கிறது. ஹவாய் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். கிரீன்லாந்தும் இலங்கையும் இரண்டாவதில். அண்டார்டிகாவின் மேற்குப் பகுதியில் பனியை நீக்கிவிட்டால் பெரும்பாலும் கடலும் தீவுகளுமாகத்தான் தெரியும்; கிழக்குப் பகுதியிலும் டென்மன் பனியாற்றின் அடியில் நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே 3,500 மீட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஆனாலும் அது கண்டம்தான். அடியில் உள்ள மேலோடு அதைச் சொல்கிறது.

மடகாஸ்கரும் இந்தியாவும்

மூன்றாவது கேள்வியில் தோற்கிறவைதான் எனக்குப் பிடித்தவை. மடகாஸ்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டக் கல். ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்து 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் ஆழ்கடல். ஆனால் பரப்பு 5.9 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். இப்படிப்பட்டவற்றைக் குறுங்கண்டம் என்பார்கள். சேஷெல்ஸ் தீவுகளில் மாஹே அதைவிடச் சின்னது. நடுக்கடலில் கிரானைட் மலை. வயது சுமார் 75 கோடி ஆண்டுகள்.

மடகாஸ்கருக்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை அது இந்தியாவோடு ஒட்டியிருந்தது. சென்னையில் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் சார்னோக்கைட் என்ற கருங்கல்லைத் தமிழ்நாட்டில் பலர் பார்த்திருப்போம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் அந்த வகை என்பதால் 1890களில் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். அதே வகைப் பாறை இலங்கையிலும் தெற்கு மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் கிடைக்கிறது. எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக இருந்த காலத்தின் மிச்சம்.

மடகாஸ்கரிலிருந்து பிரிந்த பின், இந்தியா கோடிக்கணக்கான ஆண்டுகள் தனியாக வடக்கு நோக்கி நகர்ந்தது. வேகமாக நகர்ந்த காலத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர்வரை. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இந்தியாவைச் சுற்றி நாற்புறமும் கடல். அப்போது அது தீவா, கண்டமா? மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கண்டக் கல்: ஆம். ஆழ்கடல் பிரிவு: ஆம். அளவு: இன்றைய இந்தியா 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர், அது கிரீன்லாந்தைவிடப் பெரிது. கண்டம் என்றுதான் நான் சொல்வேன். இன்றைக்கும் துணைக்கண்டம் என்று தனியாகச் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

மூழ்கிய கண்டம்

கண்டத்தை அடையாளம் காட்டுவது கல்தான் என்றால், தண்ணீருக்கு அடியிலேயே ஒரு கண்டம் இருக்க முடியுமா? இருக்கிறது. நியூசிலாந்து, நியூ கலடோனியா இரண்டும் அதன் உச்சிகள். சீலாண்டியா என்று 1995இல் புரூஸ் லுயெண்டிக் பெயர் வைத்தார். 2017இல் நிக் மார்ட்டிமர் தலைமையிலான புவியியலாளர்கள் அதைக் கண்டம் என்றே ஏற்க வேண்டும் என்று விரிவாக எழுதினார்கள். பரப்பு சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர். 94 சதவீதம் நீருக்கு அடியில். ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்ட்வானாவிலிருந்து பிரிந்தபோது இழுபட்டு மெலிந்தது. மெலிந்ததால் தாழ்ந்தது. தாழ்ந்ததால் கடல் மூடியது. ஆனாலும் சுற்றியுள்ள கடலடியைவிட உயரமாகத்தான் நிற்கிறது. மேலோடு பெரும்பாலும் 10 முதல் 30 கிலோமீட்டர் தடிமன். 2017இல் ஒரு துளைப்புக் கப்பல் அங்கே கடலடியைத் துளைத்து, ஒரு காலத்தில் அதன் சில பகுதிகள் ஆழமற்ற கடலாகவும் நிலமாகவும் இருந்ததற்குத் தொல்லுயிர் எச்சங்களைக் கொண்டுவந்தது. 40 லட்சத்தில் ஒரு நிலம் இருந்திருந்தால் சண்டை வந்திருக்கும் என்று முன்னால் சொன்னேனே, அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நீர் மூடியிருந்ததால் நெடுங்காலம் நம் பட்டியலில் வரவில்லை.

தமிழில் இதைப் படிக்கிறவர்களுக்கு உடனே குமரிக்கண்டம் நினைவுக்கு வரும். அதை ஒதுக்கிவிட்டுப் போவது சரியில்லை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கின் இனங்கள் மடகாஸ்கரில் நிறைய இருப்பதையும் அவற்றோடு உறவுள்ளவை இந்தியாவிலும் இருப்பதையும் விளக்க, நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்றார். லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்தக் கருத்து தமிழ்நாட்டுக்கு வந்து, பாண்டியர் நிலத்தைக் கடல் கொண்ட பழைய செய்திகளோடு சேர்ந்துவிட்டது. சீலாண்டியா நமக்குக் கற்றுத் தருவது இதுதான்: மூழ்கினாலும் கண்டம் காணாமல் போகாது. அதன் தடித்த மேலோடும் கிரானைட்டும் அங்கேயே கிடக்கும். அளக்கலாம், துளைத்து எடுக்கலாம். குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் இருப்பது மெல்லிய பசால்ட் மேலோடு. கண்டம் அளவுக்கு அங்கே எதுவும் மூழ்கவில்லை. 2017இல் மொரீஷியஸ் எரிமலைப் பாறைக்குள் 300 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான் துகள்கள் கிடைத்தன. தீவின் எரிமலைக் கல்லுக்கு வயது 90 லட்சம் ஆண்டு அளவுதான். அடியில் ஒரு பழைய கண்டத் துண்டு புதைந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது ஒரு துண்டு, அதுவும் மனிதர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உடைந்து போனது.

அதே நேரம், கடல் நிலத்தை எடுத்துக்கொண்டது என்பது பொய்யில்லை. கன்னியாகுமரி மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வாட்ஜ் பேங்க் மீன்பிடிப் பகுதி, முனைக்குத் தெற்கே நீளும் கண்டத்திட்டு. பனியுகத்தில் கடல் 120 மீட்டர் இறங்கியிருந்தபோது அங்கேயும், மன்னார் வளைகுடாவின் ஓரங்களிலும், பாக் நீரிணையிலும் பரந்த நிலம் வெளியே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியதை மனிதர்கள் பார்த்திருக்கிறார்கள். கண்டத்திட்டு மூழ்கியதும் கண்டமே மூழ்குவதும் வேறு வேறு என்ற ஒரு தெளிவு இருந்தால் இந்த விவாதம் எவ்வளவோ நல்லபடியாக நடக்கும்.

பட்டியலும் சட்டமும்

கல் சொல்வது ஒன்று, பள்ளிப் பட்டியல் சொல்வது இன்னொன்று. கல்லைக் கேட்டால் ஐரோப்பாவும் ஆசியாவும் ஒரே கண்டம். யூரல் மலையை எல்லையாக வைத்தது 18ஆம் நூற்றாண்டு வழக்கம். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்து, இரண்டு நிலங்கள் மோதி மலை எழும்பியது உண்மைதான். ஆனால் அது நடந்து ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகள் ஆகின்றன. லத்தீன் அமெரிக்க நாடுகளில் இரண்டு அமெரிக்காக்களையும் ஒன்றாகவே எண்ணிப் படிப்பிக்கிறார்கள். ஒலிம்பிக் கொடியில் ஐந்து வளையம்தான். கோள் எது என்று 2006இல் வானியலாளர்கள் கூடி வாக்களித்து புளூட்டோவை நீக்கினார்கள். கண்டங்களுக்கு அப்படித் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு கிடையாது. அதனால் சீலாண்டியா எட்டாவதாகப் பட்டியலில் ஏறுவது, பாடநூல் எழுதுகிறவர்களும் வரைபடம் போடுகிறவர்களும் எப்போது ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தீவுக்கோ சட்டமே இருக்கிறது. 1982ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவுப்படி, இயற்கையாக உருவாகி, நீர் சூழ்ந்து, கடல் ஏறி நிற்கும் நேரத்திலும் நீருக்கு மேல் தெரியும் நிலம் தீவு. மனிதர் வாழவோ தனக்கென ஒரு பொருளாதாரம் வைத்துக்கொள்ளவோ வழியில்லாத பாறை என்றால், அதைச் சுற்றி 200 கடல் மைல் தனிப் பொருளாதார மண்டலம், அதாவது கடல் வளத்தின்மீது தனி உரிமையுள்ள பகுதி, கேட்க முடியாது. தென் சீனக் கடலில் ஓடுபாதையும் நன்னீர்க் கிணறும் உள்ள இட்டு அபாகூட இந்த அளவுக்கு வரவில்லை, அது பாறைதான் என்று 2016இல் நடுவர் மன்றம் சொன்னது. சீனா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. தீவு எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு இத்தனை வழக்கு நடக்கிறது. எவ்வளவு பெரிதானால் கண்டமாகும் என்பதற்கு ஒரு வரிகூடச் சட்டம் இல்லை.

ஆனால் கண்டத்தின் ஓரம் எங்கே என்பதற்குச் சட்டம் உண்டு. அதே உடன்படிக்கையின் 76ஆம் பிரிவு, 200 கடல் மைலுக்கு அப்பாலும் தன் நிலம் கடலடியில் தொடர்கிறது என்று நிரூபிக்கும் நாட்டுக்கு அந்தக் கடலடியின்மீது உரிமை தருகிறது. நியூசிலாந்து ஆண்டுக்கணக்கில் கப்பல்களை அனுப்பி சீலாண்டியாவின் ஓரங்களை அளந்தது. 2008இல் ஐ.நா. குழு அந்த அளவீடுகளைப் பரிசீலித்து, தனிப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியே சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலடியை நியூசிலாந்தின் கண்டத்திட்டாக ஏற்றுக்கொண்டது. நியூசிலாந்தின் தரைப்பரப்பைப் போல ஆறு மடங்கு அது.